தகவல் தந்தவர்

பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருந்தது.

அச்சுப் பிழை என்றுதான் தையல்காரி முதலில் நினைத்தாள். நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்கு முன்னால், இருபத்து மூன்று நாள் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தாள். காலையிலிருந்து விடாத தூறல். உள்ளே வந்தவர்கள் எல்லாம் குடையை மடக்கி உதறியதில் தரை முழுக்க ஈரம். வழுக்கிவிடுமோ என்று பயந்து பயந்து கால் வைத்ததில் பிரசவத்தில் போட்ட தையல் சுருக்கென்று இழுத்தது. வரிசையில் ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம் கையில் வந்த தாளில் அம்மா பெயர் சரி, பிறந்த நேரம் சரி, எடை சரி, அப்பா பெயர் கோடு.

திருத்தித் தரச் சொல்லித் தாளை ஜன்னலுக்குள் நீட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா தாளைத் தொடக்கூட இல்லை.

"பிழையெல்லாம் இல்லைம்மா. பதிய வந்தவர் என்ன சொன்னாரோ அதைத்தான் ஏத்தியிருக்கோம். கடைசி வரியைப் பாருங்க."

கடைசி வரியில், பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் தேதியோடு, 'தகவல் தந்தவர்' என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேராக அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. கோழிமுட்டை மாதிரி உருண்டை உருண்டையாக எழுதுகிற கை. அதே கை அடுத்த கட்டத்தில், 'குழந்தைக்கு என்ன உறவு' என்று கேட்டிருந்ததற்குக் கீழே, 'உடன் வேலை செய்பவர்' என்று எழுதியிருந்தது.

மூன்று முறை படித்தாள். பின்னால் நின்றவர் கொஞ்சம் நகரச் சொன்னார். அவள் நகரவில்லை.

"பொறந்து அஞ்சு நாள்ல என் பிள்ளை எங்க சார் வேலைக்குப் போச்சு?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, திருத்தம் வேண்டுமென்றால் அப்பா நேரில் வர வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், வேறு படிவம் இருக்கிறது என்று கடகடவென்று சொல்லி முடித்தார். அவள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாள். நேராக லாண்டரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

அந்த லாண்டரியில்தான் இருவரும் வேலை பார்த்தார்கள். ஆறு ஆஸ்பத்திரி, பதினொரு ஓட்டல், ஒரு விடுதி ஆகியவற்றின் அழுக்கு அங்கே வந்து இறங்கும். தள்ளுவண்டியில் வரும் மூட்டைகளைப் பிரித்து, போர்வை தனி, தலையணை உறை தனி, ரத்தக்கறை பட்டது தனி என்று பிரிப்பார்கள். மூட்டைக்குள் மறந்துபோன ஊசியும் கத்தரியும் பல்செட்டும்கூட வரும். துவைக்கிற பெரிய உருளைகள், பிழிகிற இயந்திரம், நீராவியில் தேய்க்கிற ரோலர் என்று ஒவ்வொரு கூடமாகத் துணி நகரும். கிழிந்தது மட்டும் ஓரத்து அறைக்கு வரும். அங்கே ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, ஓரம் மடித்து, மறுபடியும் கட்டிலுக்கு அனுப்புவது அவள் வேலை. எட்டு வருஷமாக அடுத்தவர் படுக்கிற விரிப்பைத் தைத்தவள்.

இவை எல்லாவற்றுக்கும் நீராவி கொடுப்பது பின்கட்டில் இருந்த பாய்லர். அதைப் பார்த்துக்கொள்பவன்தான் பாய்லர்காரன். நெட்டையாக, கொஞ்சம் கூனலாக, பிரஷர் முள்ளிலேயே கண் வைத்திருப்பவன். பேச்சு குறைவு. பாய்லர் சத்தத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டவன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் ஒரு விரல் இறங்கினால்கூட அவனுக்குத் தெரியும். வீட்டில் உப்பு தீர்ந்தது தெரியாது.

தையல்காரிக்கு முன்னால் ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. லாரி ஓட்டுகிற அந்த ஆள் ஒருநாள் சரக்கு ஏற்றப் போனவன், வேறெங்கோ குடித்தனத்தை இறக்கிவிட்டான். விவாகரத்து வழக்கு நாலு வருஷமாக வாய்தா வாய்தா என்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு தடவைகூட வரவில்லை. வராதவனுக்காகக் கோர்ட்டும் காத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் தெரிந்துதான் பாய்லர்காரன் அவளோடு ஒரே வீட்டில் குடியேறினான். இரண்டு வருஷம் ஆகிறது. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஓர் அடுப்பு. பிரசவ வார்டுக்கு வெளியே ராத்திரி பகல் நின்றவன் அவன்தான். பிள்ளையை முதலில் கையில் வாங்கியவனும் அவன்தான். அதனால்தான் அந்தக் கோட்டை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

நனைந்த தலையோடு அவள் பாய்லர் அறைக்குள் நுழைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. அவன் தகர டப்பாவைத் திறந்துவைத்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏன் வந்தாய் என்று பதறி எழுந்தான். அவள் தாளை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"நீங்க எங்ககூட வேலை செய்யறவர்னு தெரியாமப் போச்சு," என்றாள். "இத்தனை நாளா வீட்டுக்காரர்னு நெனச்சுச் சோறு போட்டுட்டேன்."

அவர்களுக்குள் எப்போதும் நீ, வா, போ தான். அந்த 'நீங்க'வைக் கேட்டதும் அவன் கையிலிருந்த ரொட்டித் துண்டை டப்பாவிலேயே வைத்துவிட்டான்.

அப்புறம்தான் விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், அவளோடு சேர்வதற்கும் முன்னால், அவன் அக்கா இருக்கிற நாட்டில் குடியேற விண்ணப்பம் போட்டிருந்தான். அது அவளுக்கும் தெரியும். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த அந்த விண்ணப்பத்துக்கு, பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் பதில் வந்திருக்கிறது. எல்லாம் கூடிவந்துவிட்டது, கடைசியாக ஒரு படிவம் நிரப்பி அனுப்பு, விண்ணப்பித்த நாளுக்குப் பிறகு குடும்பத்தில் மாற்றம் உண்டா, மனைவி அல்லது துணை உண்டா, பிள்ளை உண்டா, முப்பது நாளுக்குள் சொல் என்று. அவன் ஏஜென்ட்டிடம் ஓடினான். ஏஜென்ட், இப்போது துணை, பிள்ளை என்று எழுதினால் ஃபைல் அடியில் போய்விடும், அந்த அம்மாவுக்குப் பழைய கல்யாணம் இன்னும் முறியவில்லை, அதைக் கிண்டினால் மொத்தமும் கெடும், நீ தனியாளாகவே போ, அப்புறம் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்றார். அக்காவும் போனில் அதையே சொன்னாள். பிறப்புப் பதிவில் அவன் பெயர் இருந்தால் யாராவது தோண்டி எடுப்பார்கள், அதனால் அங்கேயும் காலியாக விடு என்றார்கள்.

"எல்லாம் ஏஜென்ட் சொன்னபடிதான் செஞ்சேன்," என்றான். "ஒரு வருஷம்தான். அப்புறம் உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்குவேன்."

ரோலர் கூடத்திலிருந்து இஸ்திரி அக்கா வாசலில் வந்து நின்றிருந்தாள். லாண்டரியிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். பிள்ளையை ஒரு கையால் வாங்கிக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள். பாய்லரை ஒரு நிமிஷம் தனியாக விடமாட்டான், பிள்ளையை ஒரு வருஷம் விடுவானாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையோடு உள்ளே போனாள்.

தையல்காரி கத்தவில்லை. நாளைக்கு அரைநாள் லீவு போடச் சொன்னாள். அந்த ஏஜென்ட்டை அவளும் பார்க்க வேண்டும் என்றாள்.

ஏஜென்ட்டின் அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வெளிநாடு போனவர்களின் புகைப்படங்கள் சுவர் நிறைய மாட்டியிருந்தன. எல்லாரும் பெட்டியோடு நின்று சிரித்தார்கள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்ட் நல்ல சட்டை போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர். பிள்ளையைப் பார்த்ததும் கொஞ்சக் கை நீட்டினார். தையல்காரி பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் சொன்னதையே மறுபடி சொன்னார். பொறுமை வேண்டும், இது சட்டப் பிரச்சினை, பெண்களுக்கு இதெல்லாம் பதற்றமாகத்தான் இருக்கும் என்றார். பாய்லர்காரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் போனதுக்கப்புறம் எங்களைச் சேர்க்கலாம்னு நிச்சயமா சொல்றீங்களா சார்?"

"எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கேன். கவலையே வேணாம்மா."

"அப்ப அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு, உங்க சீல் வச்சு."

ஏஜென்ட் சிரித்தார். எழுத்தில் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார்.

"வழக்கம் இல்லையா, வழி இல்லையா?"

அவர் பேனாவின் மூடியைத் திருகினார். மேஜையில் பாய்லர்காரனின் ஃபைல் திறந்திருந்தது. கடைசிப் படிவம் ஏற்கெனவே நிரப்பித் தயாராக இருந்தது. மாற்றம் எதுவும் இல்லை. துணை, இல்லை. பிள்ளை, இல்லை. கையெழுத்து மட்டும் பாக்கி. தையல்காரி அதை எடுத்தாள். எடுக்காதீங்க என்று அவர் கை நீட்டுவதற்குள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் பிரிந்திருந்தால் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தை வாசித்தாள். ஒரு முறை மனதுக்குள். அப்புறம் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

"இந்தப் படிவத்தில் தெரிவிக்கப்படாத துணையையோ பிள்ளையையோ பின்னாளில் எக்காரணம் கொண்டும் குடும்பத்தினராக அழைத்துக்கொள்ள இயலாது."

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். சார், என் மூத்த பொண்ணை அப்புறம் சேர்த்துக்கலாம்னுதானே விட்டோம் என்று கேட்டார். ஏஜென்ட் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சட்டத்தில் அப்படித்தான் இருக்கும், நடைமுறை வேறு என்று ஏஜென்ட் குரலை உயர்த்தினார். அந்த மென்மையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தையல்காரி பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதையும் நடைமுறைன்னுதான் எழுதச் சொன்னீங்களா? உடன் வேலை செய்பவர்னு?"

ஏஜென்ட் அதை வாசித்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டது மாதிரி இருந்தது.

"கோடு போடச் சொன்னது நான்தான். இதை நான் சொல்லலை. யாராவது சொந்தக்காரங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பதியச் சொன்னேன். இது உங்க ஆளோட சொந்தச் சரக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பாய்லர்காரன் சுவரில் இருந்த புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. ஃபைலை வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னாள். அவன் எழுந்து, மேஜையில் இருந்த காகிதங்களை ஒன்றுவிடாமல் அடுக்கி எடுத்துக்கொண்டான். ஏஜென்ட் ஏதேதோ சொன்னார். படியிறங்கும்போது பின்னால் பெரியவரின் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்தார்கள். மழைக்காலத்தில் பிள்ளைத்துணி காய்வது இல்லை. அறைக்குக் குறுக்கே மூன்று கொடி கட்டி, குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். ஈரத்துணி வாசனையும் பால் வாசனையுமாக அறை புழுங்கியது. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துப் படுக்கவைத்தாள். இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாள். ஒரு தட்டில் போட்டு, உட்கார்ந்து, தனியாகச் சாப்பிட்டாள். பாலூட்டுகிறவள் பட்டினி கிடக்க முடியாது, கோபம் எவ்வளவு இருந்தாலும். அவன் கதவோரம் நின்றிருந்தான்.

அவள் தட்டைக் கழுவி வைத்த பிறகு அவனே ஆரம்பித்தான். பதிகிற இடத்தில் அந்த ஆள் அப்பா பெயர் கேட்டார், தெரியாது என்றேன், நீங்கள் யார் என்று கேட்டார், சொந்தக்காரன் என்று சொல்லத்தான் நினைத்தேன், வாயில் அதுதான் வந்தது என்றான்.

"வாயில வந்துச்சு சரி. கை எழுதுச்சே?"

சட்டைக் கையைத் தானாகவே மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்த தழும்பு. போன வருஷம் குழாய் மூட்டில் வாஷர் பிய்த்துக்கொண்டு நீராவி அடித்தது. முதலாளி இரண்டு நாள் லீவு கொடுத்தார். மூன்றாம் நாள் கட்டோடு வந்து நின்று பிரஷர் பார்த்தான். புது வாஷர் இன்னும் வரவில்லை. பழையதையே சணல் சுற்றி இறுக்கியிருந்தது. தினமும் காலையில் அதைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் திறக்கிறேன் என்றான். இதை அவன் அவளிடம் இதுவரை சொன்னது இல்லை. இங்கிருந்து போய்விட வேண்டும், எப்படியாவது, அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை என்றான்.

அவள் கேட்டுக்கொண்டாள். மனசு இளகியதா என்றால், இளகியது. கோபமும் அப்படியே இருந்தது.

"உன் பயம் எனக்குப் புரியாம இல்ல," என்றாள். "போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். என்னை எழுதாட்டியும் போ. எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் சொல்லாமப் போயிருக்கான், பழக்கம்தான். ஆனா உன் மகளை எழுது. நீ இல்லைன்னு கோடு போட்டா, அவ பெரியவளாகி உன்னைத் தேடி வந்தா, அந்த ஊர்ல உனக்கு அவ யாருமில்ல. நீயே எழுதிக் குடுத்தது. அதை அழிக்க உன்னாலயே முடியாது. படிச்சேல்ல?"

"படிச்சேன்."

"எப்ப?"

"படிவம் வந்த அன்னைக்கே."

அவள் எழுந்து கொடியில் இருந்த துணிகளைப் புரட்டிப் போட்டாள். காய்ந்திருக்கவில்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தெரியாமல் ஏமாந்தவன் என்று ஒரு மூலையில் அவனுக்காக வைத்திருந்த இரக்கமும் அப்போது போய்விட்டது. ஆனாலும் அவன் பொய் சொல்லாமல் சொன்னான் என்பதையும் கவனித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவன் அக்காவின் போன் வந்தது. ஏஜென்ட் அவளிடம் வத்திவைத்திருக்க வேண்டும். அவன் வெளியே போய்ப் பேச எழுந்தான். இங்கேயே பேசு என்றாள் தையல்காரி. அவன் ஸ்பீக்கரைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்தான்.

அக்கா கெட்டவள் இல்லை. பதினான்கு வருஷமாக அந்த ஊரில் முதியோர் விடுதியில் அடுத்தவர் பெற்றோரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவள். தம்பி வருவான் என்று ஓர் அறையைக் காலியாகவே வைத்திருப்பவள். அவள் அழுதுகொண்டேதான் திட்டினாள். மூன்று வருஷம் எவ்வளவு பேரிடம் கெஞ்சினேன், எத்தனை காகிதம் வாங்கி அனுப்பினேன், கைக்கு வந்ததை உதைக்கிறாயே என்றாள். அப்புறம் அந்த வார்த்தையையும் சொன்னாள்.

"அடுத்தவன் பொண்டாட்டிடா அவ. நாளைக்கு அவன் வந்து பிள்ளை எனக்குன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

தையல்காரி அவனையே பார்த்தாள். அவள் பதில் சொல்லப்போவதில்லை. இது அவன் சொல்ல வேண்டியது.

பாய்லர்காரன் போனுக்கு முன்னால் குனிந்து நின்றான். கொடியில் இருந்த பிள்ளைத்துணி ஒன்று அவன் தலைமேல் தொங்கியது.

"பிள்ளை எனக்குத்தான்கா," என்றான். "நான்தான் இல்லைன்னு எழுதிட்டு வந்தேன். நாளைக்குப் போய் மாத்தப்போறேன். ரெண்டு பேரையும் எழுதப்போறேன். ஃபைல் போனாப் போகட்டும்."

"அப்ப எனக்குத் தம்பி இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

"அது உன் இஷ்டம்கா."

போன் நின்றது. அவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. தையல்காரி அவனைத் தேற்றவில்லை. மீதியிருந்த ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாட்சிக்கு இஸ்திரி அக்காவும் லாண்டரித் தள்ளுவண்டிக்காரரும் வந்தார்கள். இஸ்திரி அக்கா குமாஸ்தாவிடம், சாட்சி எதற்கு, பிள்ளையின் நெற்றியையும் இவன் நெற்றியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே வழுக்கை என்றாள். தள்ளுவண்டிக்காரர் கையெழுத்துப் போடுமுன் கண்ணாடியைத் தேடிப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். திருத்தப் படிவத்தில், முதலில் தவறாகத் தந்ததற்குக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாரும் 'கவனக்குறைவு' என்றுதான் எழுதுவார்கள், அப்படியே போட்டுவிடுங்கள் என்றார் குமாஸ்தா நல்ல மனதோடு.

"கவனமாத்தான் எழுதினார்," என்றாள் தையல்காரி.

பாய்லர்காரன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். 'பயத்தினால்' என்று எழுதினான். குமாஸ்தா அதை வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

குடியேற்றப் படிவத்தை அவர்களே நிரப்பினார்கள். துணை, உண்டு. பிள்ளை, ஒன்று, பெண், வயது இருபத்தைந்து நாள். வயதை வருஷத்தில் எழுதச் சொன்ன கட்டத்தில் பூஜ்யம் போட்டார்கள். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது தபாலில் சேர்த்தார்கள்.

ஏஜென்ட் ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஃபைல் அடியில் போனது. ஒன்றாக வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். வீட்டு உரிமையாளரின் கடிதம், லாண்டரியின் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பழைய கல்யாணம் முறிந்த சான்று கேட்டார்கள். தையல்காரி பிள்ளையோடு கோர்ட் படி ஏறினாள். வாய்தா வாங்கிக்கொடுத்தே பழகிய வக்கீலைத் தள்ளிவைத்து, இன்னும் எத்தனை வருஷம் வராத ஆளுக்காக நான் வருவது என்று நீதிபதியிடம் தானே கேட்டாள். ஏழாவது மாதம் அந்த லாரிக்காரன் வராமலே விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. பாய்லர்காரன் முதலாளியிடம் சண்டை போட்டுப் பாய்லருக்குப் புது வாஷர் வாங்கினான். எட்டு வருஷத்தில் அவன் போட்ட முதல் சண்டை அது. வாஷர் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று ஒரு முழுநாள் லாண்டரியை நிறுத்திவிட்டான். அக்கா பேசவே இல்லை. பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, நாற்காலியைப் பிடித்து நின்றது.

பிள்ளைக்கு ஒரு வயதும் நாலு மாதமும் ஆனபோது நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்தார்கள். தையல்காரியிடம் கேட்டவர் ஒரு பெண் அதிகாரி. திருத்தப்பட்ட சான்றிதழை முன்னால் வைத்துக்கொண்டு, இதில் முதலில் அப்பா பெயர் இல்லையே, குடியேறுவதற்காகப் பின்னால் சேர்த்ததா என்று கேட்டார். இல்லை, குடியேறுவதற்காக முதலில் விட்டது, அப்புறம்தான் உண்மையை எழுதியது என்றாள். நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தின் அடியில் இருந்ததை அவன் முதல் நாளே படித்திருந்தான் என்பது உட்பட. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு தெரிஞ்சும் அவரோட எதுக்குப் போறீங்க?"

"என் பிள்ளையோட அப்பன் மேடம். நல்லவனா கெட்டவனாங்கறது அப்புறம். அவ பேரை அவர் எழுதணும். அது அவளுக்குச் சேர வேண்டியது, நான் கெஞ்சி வாங்குனது இல்ல. என் கோபம் என் வீட்டு விஷயம். அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இருக்கா?"

அதிகாரி இல்லை என்று தலையசைத்தார். அதை எழுதிக்கொள்ளவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மூன்று பேருக்கும் அனுமதி வந்தது. லாண்டரி முழுக்கச் செய்தி பரவி, இஸ்திரி அக்கா ரோலரை நிறுத்திவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். அன்று சாயங்காலம் பாய்லர்காரன் அக்காவுக்கு போன் செய்தான். எடுத்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அறை ஒன்றுதான் இருக்கிறது, மூன்று பேர் எப்படிப் படுப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை எந்த அளவு என்றும் கேட்டாள். தையல்காரி பக்கத்தில் இருந்து அளவைச் சொன்னாள்.

பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. நல்ல வெயில். பிள்ளை அவன் மடியில் தூங்கியது. அவன் மூன்று பாஸ்போர்ட்டையும் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தான். கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனிமேலாவது என் மேல் இருப்பதை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டான்.

தையல்காரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"கூட வரேன். சமைப்பேன், சம்பாதிப்பேன், உனக்கு ஒடம்புக்கு முடியலைன்னா பக்கத்துல உக்காந்திருப்பேன். ஆனா மன்னிச்சுட்டேன்னு நீயா எங்கயும் எழுதிக்காத."

அவன் சரி என்றான். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. பிள்ளை விழித்துக்கொள்ளாமல் அவன் மெதுவாக எழுந்தான். அவள் மூன்று பாஸ்போர்ட்டும் இருந்த பையை அவன் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.